பெற்றோரைப் பராமரிப்பு மையத்தில் சேர்க்கும் முன்: இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்?

பக்கவாதம் வந்த வாப்பாவை மருத்துவமனை பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஆனால் வலது கையும் காலும் அசையவில்லை. மூக்கில் உணவுக் குழாய், சிறுநீருக்கு இன்னொரு குழாய். மூத்த மகன் துபாயில், இளையவர் ரியாத்தில், மகள் சென்னையில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். உம்மாவுக்கே எழுபது வயது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த உம்மாமார்கள், பெரியம்மாக்கள் இருக்கும் வீடுகளிலும் இதே நிலைதான்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்பத்தான் பராமரிப்பு மற்றும் மறுவாழ்வு மையங்கள் வந்திருக்கின்றன. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என எல்லாப் பெருநகரங்களிலும் இப்போது இவை உள்ளன. (மறுவாழ்வு மையம் என்றதும் குடிப்பழக்கத்தை நிறுத்தும் இடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். இவை வேறு.) படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புண் வராமல் பார்த்து, பிசியோதெரபி கொடுத்து, முடிந்தவரை எழுந்து நடக்கவைத்து அனுப்புவது இவற்றின் வேலை. சிலருக்கு ஆறு வாரம் போதும். சிலர் ஆண்டுக்கணக்கில் தங்குகிறார்கள்.

பெற்றோரை வெளியே ஒப்படைப்பது சரியா என்ற கேள்வி நம் வீடுகளில் எழத்தான் செய்யும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகள் திருமணத்திற்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பது வழக்கம். முதிய உம்மாவின் பணிவிடை அந்த ஏற்பாட்டிலேயே அடங்கிவிட்டது. இப்போது மகள்களும் சபுரில் இருக்கிறார்கள். கைவிடுவது வேறு, தனக்குத் தெரியாத மருத்துவப் பணிவிடையைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்காணிப்பது வேறு என்பது நம் கருத்து. ஆனால் அந்த இரண்டாவது வார்த்தையை, கண்காணிப்பதை, பெரும்பாலான குடும்பங்கள் செய்வதில்லை. எதைக் கண்காணிக்க வேண்டும் என்று தெரியாததுதான் முக்கியக் காரணம். அதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

மையத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா, தரை டைல்ஸ் சுத்தமாக இருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா, அறையில் டிவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. அவருக்கு வேண்டியது மனிதக் கைகள். எத்தனை கைகள், எத்தனை மணி நேரத்திற்கு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரவு இரண்டு மணிக் கணக்கு

தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது மருத்துவ வழக்கம். ஒரே இடத்தில் எடை அழுந்தினால் அந்தத் தோலுக்கு இரத்தம் போகாது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், பின்மண்டை ஆகிய இடங்கள் முதலில் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழியாகும். நல்ல மெத்தை இருந்தால் சற்றுத் தாமதமாகும். காற்று மெத்தை வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பது தவறு.

இருபது படுக்கைகள், அத்தனை பேரும் புரட்டிவிட வேண்டியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோலை உராய்க்காமல் தூக்கி மாற்ற இருவர் வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் இருபது பேருக்கு நூறு நிமிடம். ஒரு சுற்று முடிந்து மூச்சு வாங்க இருபது நிமிடம் மீதம், அதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். டயப்பர் மாற்றுவது, தண்ணீர் கொடுப்பது, வாந்தி எடுத்தவரைத் துடைப்பது, கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கூப்பிடுபவரிடம் போவது எல்லாம் அந்த இருபது நிமிடத்திற்குள் நடந்தாக வேண்டும். எல்லோரும் அப்படிப் படுத்தே இருப்பவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது உண்மை. பாதிப் பேர் என்று வைத்தாலும் இரவில் ஒரே ஒரு உதவியாளர் இருக்கும் இடத்தில் இது நடக்காது. அந்தப் பெண் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நடக்காது.

எனவே மையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இரவு இரண்டு மணிக்கு இந்தத் தளத்தில் எத்தனை நோயாளிகள், விழித்திருக்கும் பணியாளர்கள் எத்தனை பேர்? ‘மொத்தம் முப்பது ஸ்டாஃப் இருக்கிறார்கள்’ என்பது பதில் அல்ல. அதில் சமையல்காரரும் காவலாளியும் வரவேற்பறைப் பெண்ணும் அடக்கம். ‘இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் உண்டு’ என்பதும் பதில் அல்ல. பகல் முழுவதும் வேலை செய்த அதே ஆள் இரவில் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தாலும் அது ‘இருபத்து நான்கு மணி நேரம்’தான். பணி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் தீபாவளி வாரத்திற்கும் உரிய அட்டவணையைக் குறிப்பாகக் கேளுங்கள்.

இந்தக் கணக்கைச் சில நாடுகள் சட்டமாகவே எழுதியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்கள் பற்றி அரச ஆணையம் விசாரித்து 2021-ல் அறிக்கை தந்தது. அதன் விளைவாக 2023 ஜூலை முதல் ஒவ்வொரு இல்லத்திலும் பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும் என்றானது. 2024 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பணிவிடை, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸுடையது என்று உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2018 முதல் 3.5 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு 2024-ல் நாடு முழுவதற்கும் 3.48 மணி நேரம் என்று விதி கொண்டுவந்தது. ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று இல்ல உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணக்கார நாட்டிலும் தகராறு ஆள் எண்ணிக்கையைப் பற்றித்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 3.48 மணி நேரத்தை நம் இருபது படுக்கை மையத்திற்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 70 மணி நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் ஆறு பேர், பகலில் நால்வர், இரவில் இருவர். வார விடுமுறையையும் சேர்த்தால் ஏழு பேராவது பட்டியலில் இருக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய மையங்களுக்கு நாடு தழுவிய கட்டாய நிமிடக் கணக்கு எதுவும் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகளுக்கும் தரம் வகுக்க அதற்கொரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. அது சட்டமாகவில்லை. ஆகவே இங்கே எண்ண வேண்டிய பொறுப்பு குடும்பத்தின் மேல் விழுகிறது.

சிஸ்டர் என்று அழைக்கப்படும் எல்லோரும் நர்ஸ் அல்ல

நீல உடுப்பு போட்டவர் எவராக இருந்தாலும் நாம் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். நர்ஸ் என்றால் மூன்றாண்டு ஜி.என்.எம். அல்லது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர். ஏ.என்.எம். என்பது இரண்டாண்டுப் படிப்பு. உதவியாளர்கள், ஆயாக்கள், வார்டு பாய்கள் வேறு. குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் புரட்டிவிடுவதும் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்கள் குறைந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. வாப்பாவின் நாள் நல்லபடியாகப் போகிறதா என்பது இவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் இன்சுலின் ஊசி, மூக்குக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது ஆகியவை நர்ஸின் வேலை. இரவில் நர்ஸ் இருக்கிறாரா, அல்லது உதவியாளர்கள் மட்டும்தானா என்று தனியாகக் கேட்க வேண்டும். மருத்துவர் வாரத்திற்கு எத்தனை முறை வருகிறார், இரவில் மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டியில் கொண்டுபோவார்கள் என்பதும் சேர்க்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டியவை.

உதவியாளரிடமே பேச்சுக் கொடுங்கள். இங்கே எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். கேட்ட நால்வரும் ‘போன மாதம்தான் வந்தேன்’ என்றால் அந்த இடத்தில் ஆட்கள் நிற்பதில்லை என்று பொருள். சம்பளம் குறைவாகவோ வேலை தாங்க முடியாததாகவோ இருக்கலாம். வாப்பா எந்தப் பக்கம் படுத்தால் இருமுவார், உம்மா எந்த மாத்திரையைத் துப்பிவிடுவார் என்பதெல்லாம் பழகிய ஆளுக்குத்தான் தெரியும். சில மையங்களில் உதவியாளர்கள் தமிழ் அறியாத வெளிமாநிலத்தவர்கள். அன்பானவர்களாக இருக்கலாம். ஆனால் பக்கவாதத்தால் பேச்சுக் குழறும் ஒருவர் ‘வலிக்குது’ என்று சொல்வதை நமக்கே புரிந்துகொள்வது சிரமம் எனும்போது, மொழி தெரியாதவர் என்ன செய்வார்?

ஆள் குறைந்தால் என்ன நடக்கும்

புண் வருவதைச் சொன்னோம். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்ததும் வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடாக, கல்போல் இறுகி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் பார்க்கக் கூச்சப்படக் கூடாது. உம்மாவை மகளும் வாப்பாவை மகனும் பார்க்கலாமே. புண் இருந்தால் எந்த நாளில் முதலில் கண்டார்கள், குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது, உணவு. பக்கவாதத்திற்குப் பிறகு விழுங்கும் திறன் குறையும். அவசர அவசரமாக வாயில் திணித்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். குழாய் வழியாகக் கொடுக்கும்போதும் தலைமாட்டை உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒருவருக்கு நிதானமாக ஊட்ட முப்பது நிமிடம் ஆகலாம். ஒரே ஆள் ஆறு பேருக்கு ஊட்டவேண்டியிருந்தால் ஆறாவது ஆளுக்குச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும், அல்லது எல்லோருக்கும் குழாயே போட்டுவிடுவார்கள். மாதம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லி, எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

டயப்பரும் அப்படித்தான். கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு நடக்கக் கூடியவருக்கும், கூட்டிப்போக ஆள் இல்லாததால் டயப்பர் கட்டிவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்தக் கொஞ்ச நடையும் போய்விடுகிறது. நடக்கவைக்கத்தான் மையத்தில் சேர்த்தோம் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பக்கவாதத்தில் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் வருகிறது. பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் இருக்கிறார் என்றால் மீதி இருபத்து மூன்று மணி நேரமும் உதவியாளர்கள்தான். நாற்காலியில் உட்காரவைப்பது, கழிப்பறைக்கு நடத்திப் போவது, செயலிழந்த கையைத் தலையணை மேல் வைப்பது எல்லாம் சிகிச்சைதான். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். பயிற்சி பெற்ற ஆள் அப்படித் தூக்க மாட்டார். நாம் பார்க்கப் போன நேரத்தில் எப்படித் தூக்குகிறார்கள் என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மறதி நோய் உள்ளவர்கள் இரவில் எழுந்து நடப்பார்கள், கத்துவார்கள். ஆள் இருந்தால் கையைப் பிடித்துப் பேசிப் படுக்கவைக்கலாம். ஆள் இல்லாத இடத்தில் கட்டிலோடு கட்டுவதும் மருந்து கொடுத்து மயக்கி வைப்பதும் நடக்கிறது. மனநோய்க்கான சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. பகலில் போகும்போதெல்லாம் உம்மா தூங்கிக்கொண்டே இருந்தால் ‘நல்லா ரெஸ்ட் எடுக்கிறாங்க’ என்று திரும்பிவிடாதீர்கள். மருந்துச் சீட்டை வாங்கி, வீட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உம்மாவைக் குளிப்பாட்டுவது யார்?

பெண் நோயாளிக்குப் பெண் உதவியாளர்தான் என்று எல்லா மையங்களும் சொல்லும். இதையும் இரவுக் கணக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும். இரவில் இருக்கும் இருவரில் ஒருவர் ஆண் என்றால், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய நேரத்தில் உம்மாவுக்கு என்ன செய்வார்கள்? ஆண் உதவியாளர் தொட வருவார் என்று அஞ்சி, ஈரத்திலேயே விடியும் வரை வாய் திறக்காமல் கிடக்கும் உம்மாமார்களை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள். நாம்தான் எழுதி வாங்க வேண்டும்.

தொழுகைக்கும் நேரம் வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும். சுத்தம் செய்து, ஒளுவுக்கோ தயம்முமுக்கோ உதவி, கிப்லா பக்கம் திருப்பி உட்காரவைக்க ஒருவர் வந்தாக வேண்டும். சிறுநீர்க் குழாயோடு எப்படித் தொழுவது என்பதை ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வாப்பாவிடம் சொல்லிவிட்டால் அவருடைய மனக்குழப்பம் குறையும். ரமளானில் சர்க்கரை நோயாளி யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்துவிட்டு, பணியாளர் வழக்கம்போல் இன்சுலின் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை நர்ஸிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

யாருக்கும் தெரியாமல் சேர்ப்பது

நம் சமுதாயத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, ‘வாப்பா சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார்’ என்று சொல்லிவிட்டு மையத்தில் சேர்த்துவிடுகிறார்கள். மையத்தின் தரத்தைவிட இந்த ரகசியம் செய்யும் கேடு பெரிது என்று நினைக்கிறோம். உறவுக்காரர்கள் யாரும் பார்க்க வர மாட்டார்கள். மச்சான் வர மாட்டார், ஜமாஅத்தில் பழகிய நண்பர் வர மாட்டார், பேரப்பிள்ளைகள் பெருநாளுக்குக்கூட வர மாட்டார்கள். பார்க்க வர ஆள் இல்லாத படுக்கை எது என்பது பணியாளர்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கை குறைவாக இருக்கும் இரவில் எந்தப் படுக்கை கடைசிக்குத் தள்ளப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் பேசுகிறார்கள். அது வாப்பாவுக்கு ஆறுதல். ஆனால் காலுக்கு முன் முகம் துடைத்துச் சட்டை மாற்றித்தான் உட்காரவைப்பார்கள். நேரில் போகிறவர் ஒருவர் வேண்டும். நேரம் சொல்லாமல் போக வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு, விடியற்காலை ஆறு மணிக்கு, ஞாயிறு மதியம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். குடும்பத்தார் எந்த நேரத்திலும் வரலாம் என்று ஒப்புக்கொள்ளாத மையத்தில் சேர்க்க வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. தொற்று பரவும் காலம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. போகும்போது உதவியாளரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி மரியாதையாகப் பேசுங்கள். ‘ஏய், இங்க வா’ என்று அழைக்கும் குடும்பத்தாருக்குச் செய்யப்படும் பணிவிடை எப்படி இருக்கும்?

பணமும் புகாரும்

மாதக் கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், கையுறை, பிசியோதெரபி, மருத்துவர் வருகை, புண்ணுக்குக் கட்டு ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். இடையில் அழைத்துப்போனால் முன்பணம் திரும்புமா என்பதும் அதில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, தற்காலிகப் பராமரிப்பு ஆகியவை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குப் பட்டியலிலேயே இருக்கின்றன.

மருத்துவச் சிகிச்சை அளிக்கும் நிறுவனம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். சிகிச்சையில் குறை என்றால் மாவட்ட மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுதிக் கொடுக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைச் செய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. அடி, கட்டிவைத்தல், புறக்கணிப்பு என்றால் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் புண்ணின் படத்தைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான குறைகள் மேலாளரிடம் தேதியோடும் நேரத்தோடும் சொன்னாலே சரியாகின்றன. ‘சரியாப் பார்க்கிறதில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

வீட்டுக்கு அழைத்து வரும் நாளைச் சேர்க்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு முன் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர், மகளோ மருமகளோ மகனோ, இரண்டு நாளாவது மையத்தில் உடனிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, புரட்டுவது, குழாயில் உணவு கொடுப்பது ஆகியவற்றைத் தன் கையால் செய்து, நர்ஸ் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபின் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் படுத்த படுக்கையானோருக்கான பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதில் வருகிறவர் எல்லா நாளும் வர மாட்டார். மற்ற நாட்களில் இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்து புரட்டுவது என்பதை வீட்டாரே முறை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆண்மக்களும் அந்த முறையில் இருக்கட்டும்.